எண் கைவசம் இல்லாத ஆலையில் குறிகளை மட்டும் வைத்து உகப்பாக்கம் செய்ய முடியுமா?

#1 – பொருநை வேதியன்

எல்லாருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் பக்கம் ஒரு சின்ன ஆலையில் வேலை பார்க்கிறேன். மெத்தனாலும் தண்ணீரும் கலந்து வரும் கரைப்பானைக் காய்ச்சி வடித்து, மெத்தனாலைத் திரும்ப எடுக்கிறோம். இருப்பது ஒரே ஒரு வடிப்புக் கோபுரம், உள்ளே பேக்கிங் (ஆவியும் திரவமும் நன்றாகத் தொட்டுக்கொள்ள அடைத்திருக்கும் நிரப்பிகள்). மேலே வரும் மெத்தனால் எடையில் 99.5 சதவீதம் இருந்தால்தான் உற்பத்திப் பிரிவு வாங்கிக்கொள்ளும். அடியில் வரும் தண்ணீர் கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போகிறது.

பாய்லருக்கு எரிபொருள் சீமைக் கருவேல விறகு. விறகு விலை ஏறியதும் முதலாளி ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ஸ்டீமைக் குறைங்க."

ஸ்டீம் மீட்டர் ஓடவில்லை. பேக்கிங் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வரைபடங்கள் பழைய உரிமையாளரோடு போய்விட்டன. ரிஃப்ளக்ஸுக்கு (உச்சியில் குளிர்ந்து திரவமானதில் கோபுரத்துக்கே திருப்பிவிடும் பங்கு) ரோட்டாமீட்டர் என்ற ஓட்ட அளவி ஒன்று, கோபுரத்தில் மூன்று இடத்தில் வெப்பநிலை, லேபில் ஒரு ஒளிவிலகல்மானி, அவ்வளவுதான்.

என் பேராசிரியரிடம் கேட்டேன். "முதலில் பண்புசார் மாதிரி ஒன்று போடு, எண் அப்புறம்" என்கிறார். எது கூடினால் எது கூடும், எது குறையும் என்று மட்டும் எழுதுவதாம். இது பொறியியலா, இல்லை டீக்கடையில் பேசுவதற்கு அம்புக்குறி போட்டுக்கொள்வதா? இதை வைத்து உகந்த இயக்கப் புள்ளி வரைக்கும் போக முடியுமா?

#2 – தாழையூத்து அண்ணாச்சி

தம்பி, டீக்கடைப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். நான் சிமெண்ட் ஆலையில் கில்ன் (சுழலும் சூளை) ஓட்டி ஓய்வு பெற்றவன். தாழையூத்தில் 1949இலேயே சிமெண்ட் உற்பத்தி தொடங்கியாகிவிட்டது. அந்தக் காலத்தில் கில்ன் ஓட்டியவர்கள் எந்தச் சமன்பாட்டையும் வைத்து ஓட்டவில்லை.

எரிமண்டலத்தில் பொருள் 1,450 டிகிரி வரை சூடாக வேண்டும். அங்கே தெர்மோகப்பிளை நுழைத்து அளக்க முடியாது. நீலக் கண்ணாடி வழியே சுடரையும் கிளிங்கர் (சூளையில் வெந்த சிமெண்ட் கட்டிகள்) உருளுவதையும் பார்ப்போம். கில்னைச் சுற்றும் மோட்டாரின் ஆம்பியரைப் பார்ப்போம். லேபில் இருந்து ஃப்ரீ லைம் (வினைபுரியாமல் மிஞ்சிய சுண்ணாம்பு) அளவு வரும். எரிமண்டல வெப்பம், பின்பக்க வெப்பநிலை, பின்பக்க வாயுவின் ஆக்சிஜன், இந்த மூன்றையும் தாழ்வு, சரி, உயர்வு என்று பிரித்தால் 27 நிலைகள் வரும். ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்வது என்று பழைய ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எரிமண்டலம் குளிர்ந்தால் நிலக்கரியைக் கூட்டு என்பது புதிதாக வந்தவனுக்குச் சொல்லும் பாடம். ஆனால் ஆக்சிஜன் ஏற்கெனவே தாழ்ந்து கிடக்கும்போது கரியைக் கூட்டினால், அது முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாகப் போகும். எரிமண்டலம் இன்னும் குளிரும், புகைத்தூசியைப் பிடிக்கும் மின்வடிகட்டியும் டிரிப் ஆகும். அப்போது முதலில் கில்ன் வேகத்தையும் ஃபீடையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஃபேனைக் கூட்ட வேண்டும். ஒரே கைப்பிடிதான், ஓர் எல்லையைத் தாண்டியதும் விளைவு தலைகீழாகிவிடுகிறது. எந்த எல்லையில் திரும்புகிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த மாதிரி உருப்படும்.

இந்தக் கைப்பக்குவத்தைத்தான் டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனத்தார் 1980களின் தொடக்கத்தில் கணினிக்குள் ஏற்றினார்கள். சாதே ஃபஸி கணங்கள் (தாழ்வு, உயர்வு போன்ற தெளிவான எல்லை இல்லாத சொற்களைக் கணக்காக்கும் முறை) பற்றி எழுதியது 1965இல். மம்தானி லண்டனில் ஒரு சின்ன நீராவி எஞ்சினை ஃபஸி விதிகளால் ஓட்டிக் காட்டிய கட்டுரை 1975இல் வந்தது. ஆலைக்குள் அது முதலில் கால் வைத்த இடங்களில் ஒன்று சிமெண்ட் கில்ன்.

#3 – புனே நெல்லையான்

அண்ணாச்சி சொல்வது கட்டுப்பாடு, அதாவது ஆலையைச் சரியான நிலையில் பிடித்து வைப்பது. தம்பி கேட்பது உகப்பாக்கம், அதாவது மிகக் குறைந்த செலவில் ஓடும் புள்ளியைத் தேடுவது. இரண்டும் வேறு.

உகந்த புள்ளி என்றாலே ஒன்று கூடி இன்னொன்று குறையும் இடம்தானே? ஓர் அம்பு மேலே, இன்னோர் அம்பு கீழே என்று வந்துவிட்டால் குறிகளைக் கூட்டி என்ன விடை கிடைக்கும்? "தெரியாது" என்றுதான் கிடைக்கும்.

மெத்தனால்–தண்ணீர் ஊர் உலகமெல்லாம் அளந்து வைத்த கலவை. அதில் அசியோட்ரோப் (காய்ச்சி வடித்தால் அதற்கு மேல் பிரியாத கலவை விகிதம்) கூட இல்லை. டிடபிள்யூசிம் என்ற ஆலைக் கணிப்பு மென்பொருள் இலவசம், ஐஐடி பம்பாயின் ஃபாசீ திட்டம் அதற்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில்கூடப் பயிற்சி கொடுத்திருக்கிறது. அரை நாள் உட்கார்ந்தால் கோபுரம் தயார். எதற்கு இந்தச் சுற்றுவழி?

#4 – பாளை அக்கா

நெல்லையான், மாதிரி போட அரை நாள் போதும்தான். தம்பியின் பேக்கிங் எத்தனை தட்டுக்கு (பிரிப்புப் படிக்கு) சமம் என்று எந்த எண்ணைப் போடுவீர்கள்? ஃபீடில் (கோபுரத்துக்குள் போகும் கலவையில்) மெத்தனால் எவ்வளவு என்பதே தினம் மாறுமே. தெரியாத எண்ணை ஊகித்துப் போட்டு, வரும் விடையை நாலு தசம இடத்துக்கு நம்புவதும் ஒரு சுற்றுவழிதான்.

இந்தத் துறைக்கு வயது குறைவில்லை. 1979இல் ஜப்பானில் இரி, ஓ'ஷிமா குழுவினர் வேதி ஆலைப் பழுதைக் கண்டுபிடிக்கக் குறியிட்ட வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வோர் அளவும் ஒரு புள்ளி. ஒன்று கூடினால் மற்றது கூடுமானால் கூட்டல் அம்பு, குறையுமானால் கழித்தல் அம்பு. அலாரம் அடித்த புள்ளிகளில் இருந்து அம்புகளைப் பின்னோக்கிப் பிடித்துப்போய் மூலக் காரணத்தை எட்டுவது முறை. 1984இல் டி கிளீர்–பிரவுன், ஃபோர்பஸ் ஆகியோர் பண்புசார் மாதிரிகள் பற்றி எழுதிய கட்டுரைகள் வந்தன. 1986இல் கைப்பர்ஸ் க்யூசிம் என்ற முறையைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி சொன்ன "திரும்பும் எல்லை" இருக்கிறதே, அதுதான் க்யூசிமின் முதுகெலும்பு. கொதிநிலை, தொட்டி நிரம்பும் மட்டம், ஆக்சிஜன் பற்றாக்குறை தொடங்கும் இடம் போன்ற சில அடையாள மதிப்புகளும், அவற்றுக்கு நடுவே ஏறுமுகமா இறங்குமுகமா என்பதும் மட்டும் போதும். 2003இல் வெங்கடசுப்பிரமணியன், ரெங்கசாமி முதலானோர் பழுதறிதல் பற்றி மூன்று பாகமாக எழுதிய மதிப்பாய்வில் ஒரு பாகம் முழுக்கப் பண்புசார் மாதிரிகளுக்கே. ரெங்கசாமி இப்போது ஐஐடி மெட்ராஸில் இருக்கிறார்.

நீங்கள் சொன்ன "தெரியாது" பிரச்சினை நிஜம், மறுக்கவில்லை. க்யூசிமே நடக்காத நடத்தைகளையும் சேர்த்து விடையாகத் துப்பும். ஆனால் உகப்பாக்கத்தில் பல முடிவுகள் அந்த இடம் வரைக்கும் போவதே இல்லை. ஸ்டான்ஃபோர்டின் வைல்டும் அவர் மாணவர் பாபலாம்ப்ரோஸும் 1970களில் இருந்து வளர்த்த ஓரியல்புப் பகுப்பாய்வு இதைத்தான் காட்டுகிறது. வைல்ட் அடிப்படையில் வேதிப் பொறியாளர்.

அதன் சாரம் இதுதான். நீங்கள் குறைக்க விரும்பும் செலவு ஒரு மாறியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது என்றால், அந்த மாறியைக் கீழே இறக்கிக்கொண்டே போகலாம், ஏதோ ஒரு வரம்பு குறுக்கே நின்று தடுக்கும் வரை. ஆகவே உகந்த புள்ளியில் அந்த வரம்பு இறுகியிருந்தே ஆக வேண்டும். இதைச் சொல்ல ஓர் எண்ணும் தேவைப்படவில்லை, பாருங்கள்.

இப்போது தம்பியின் கோபுரம். ரிஃப்ளக்ஸ் கூடினால் ஸ்டீம் கூடும். ரிஃப்ளக்ஸ் கூடினால் மேல் தூய்மையும் கூடும். ரிஃப்ளக்ஸைக் கீழே போகவிடாமல் தடுப்பது தூய்மை வரம்பு ஒன்றுதான். அப்படியானால் மெத்தனால் சரியாக 99.5இல் உட்கார வேண்டும். 99.8இல் உட்கார்ந்திருந்தால் பேக்கிங் எப்படி இருந்தாலும், ஃபீடில் எவ்வளவு இருந்தாலும், விறகு வீணாகிறது. இன்றைக்கு எத்தனை சதவீதம் வருகிறது தம்பி?

#5 – உப்பளத்தான்

அக்கா சொன்னது தூத்துக்குடி அளத்தில் நாங்கள் பார்க்காததா? கடல் தண்ணீர் 3 டிகிரி பாமே (உப்புச் செறிவைக் காட்டும் அளவு) சுமாருக்கு உள்ளே வரும். வெயிலில் ஏறிக்கொண்டே போய் ஜிப்சம் படியும், 25 டிகிரியில் உப்பு இறங்கும். 29, 30 தாண்டினால் மெக்னீசிய உப்புகளும் கூட வரத் தொடங்கும், கசப்புத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் பாத்தியில் வைக்கிறோமோ அவ்வளவு உப்பு. லாபம் ஏறுமுகம். நிறுத்துவது எது? காஸ்டிக் சோடா ஆலைக்காரர்கள் கால்சியம், மெக்னீசியத்துக்குப் போடும் வரம்பு. அந்த வரம்பில் போய் முட்டிக்கொண்டு நிற்பதுதான் நல்ல அளக்காரன் வேலை. ஐப்பசி நெருங்கி மேகம் திரண்டுவிட்டால் கதை மாறும். அப்போது இறுகும் வரம்பு மெக்னீசியம் அல்ல, மழை. 27இலேயே வாரி அம்பாரம் போட்டு ஓலையால் மூடிவிடுவோம். அதாவது எந்த வரம்பு இறுகும் என்பது பருவத்துக்குப் பருவம் வேறு. அதையும் தம்பி யோசிக்கட்டும், மே மாதத்தில் கூலிங் டவர் தண்ணீர் எந்தச் சூட்டில் வரும் என்று.

#6 – பொருநை வேதியன்

அக்கா, லேபுக்குக் கடைசியாக எடுத்த சாம்பிள்கள் 99.7, 99.8, ஒன்று 99.9. உற்பத்திப் பிரிவு ஒருமுறை சரக்கைத் திருப்பி அனுப்பியதில் இருந்து ஷிஃப்டில் இருப்பவர்கள் ரிஃப்ளக்ஸைத் தாராளமாகவே வைத்திருக்கிறார்கள்.

நான் எழுதிப் பார்த்தவை:

ரிஃப்ளக்ஸ் கூடினால் (ஸ்டீமைத் தொடாமல்) மேல் தூய்மை கூடும், அடித்தண்ணீரில் மெத்தனாலும் கூடும்.
ஸ்டீம் கூடினால் (ரிஃப்ளக்ஸைத் தொடாமல்) அடியில் மெத்தனால் குறையும், மேல் தூய்மையும் குறையும்.
இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் இரு முனையும் சுத்தமாகும், விறகு எரியும்.
ஃபீடைச் சூடாக்கினால் ரீபாய்லர் (அடித்திரவத்தை ஸ்டீமால் கொதிக்க வைப்பது) வேலை குறையும், ஆனால் ஆவி ஃபீட் நுழையும் இடத்தில் இருந்தே எழும்புவதால் மேல் தூய்மை குறையும், ரிஃப்ளக்ஸைக் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும், திரும்ப ஸ்டீம் கூடும்.

கடைசியில் இரண்டு அம்பும் எதிரெதிராக வருகிறது. அதேபோல அடித்தண்ணீர். மெத்தனாலைக் கொஞ்சம் கீழே விட்டால் ஸ்டீம் மிச்சம், ஆனால் மெத்தனால் நஷ்டம்.

#7 – புனே நெல்லையான்

இதைத்தான் சொன்னேன். ரிஃப்ளக்ஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அக்கா சொன்னது சரி. மிச்சம் இரண்டும் எண் இல்லாமல் நகராது.

இன்னொன்று, குறிகளில் நேரம் இல்லை. பாய்லர் டிரம் மட்டம் இறங்குகிறது என்று குளிர்ந்த தண்ணீரைக் கூடுதலாக விட்டால், முதலில் மட்டம் இன்னும் இறங்கும், குமிழிகள் சுருங்குவதால். அப்புறம்தான் ஏறும். முதல் ஒரு நிமிடத்துக் குறி கழித்தல், கடைசிக் குறி கூட்டல். எதை எழுதுவீர்கள்? ரீபாய்லரிலும் இந்த மாதிரி நடக்கும், ஸ்டீமைத் திறந்தால் அடி மட்டம் முதலில் ஏறிக் காட்டும்.

அப்புறம் அந்த ஒளிவிலகல்மானி. மெத்தனாலின் ஒளிவிலகல் எண் 1.329, தண்ணீருக்கு 1.333. நடுவே, ஏறத்தாழ பாதிக்குப் பாதி கலவையில், இரண்டையும் தாண்டி 1.34க்கு மேல் போய்த் திரும்பி இறங்கும். 1.333 என்று காட்டினால் அது தண்ணீராகவும் இருக்கலாம், நல்ல செறிவுள்ள மெத்தனாலாகவும் இருக்கலாம். உச்சியில் 99க்கு மேலே பிரச்சினை இல்லை. அடித்தண்ணீரில் ஒரு சதவீத மெத்தனாலை அதை வைத்துப் பிடிப்பது நடக்காத காரியம்.

#8 – தாழையூத்து அண்ணாச்சி

நேரத்தை அம்பிலேயே எழுதலாமே. உடனே ஒன்று, போகப்போக ஒன்று என்று இரண்டு அம்பு. டிரம் மட்டம் பார்க்கிற எந்த பாய்லர் ஆளும் இதை மனசுக்குள் அப்படித்தான் வைத்திருப்பான்.

#9 – பாளை அக்கா

நெல்லையான் சொன்ன ஒளிவிலகல் எச்சரிக்கை அருமை. அது ஏறி இறங்குவது, அடர்த்தி அப்படி இல்லை. தண்ணீரில் மெத்தனால் கூடக்கூட அடர்த்தி ஒரே திசையில் இறங்கும், 20 டிகிரியில் 0.998இல் இருந்து 0.79 வரை. உச்சிக்கு ஹைட்ரோமீட்டரும் வெப்பநிலைத் திருத்தமும் போதும். அடித்தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால் அடர்த்தியும் ஏமாற்றும், அங்கே சிஓடி (கரைந்த கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பாருங்கள்.

சரி, எதிரெதிர் அம்புகள். இங்கே எண் வேண்டும்தான், ஆனால் எத்தனை இலக்கம் வேண்டும் என்பதே கேள்வி. மாவ்ரோவூனியோடிஸ், ஸ்டெஃபனோபூலோஸ் இருவரும் 1980களின் கடைசியில் எம்ஐடியில் அளவுப்படி ஒப்பீட்டை முறையாக்கினார்கள். இது அதைவிட மிகச் சிறியதா, கொஞ்சம் பெரியதா, மிகப் பெரியதா என்று மட்டும் கேட்கும் கணக்கு. எதிரெதிர் அம்புகளில் ஒன்று மற்றதைவிட மிகப் பெரியது என்றால் சண்டை முடிந்தது.

அடித்தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மெத்தனால் ஒரு கிராம் எரிய 1.5 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதாவது அடியில் ஒரே ஒரு சதவீதம் மெத்தனால் போனால் சிஓடி லிட்டருக்கு 15,000 மில்லிகிராம் சுமாருக்கு வரும். சுத்திகரித்து வெளியே விடும்போது 250க்குள் இருக்க வேண்டிய விஷயம் இது. இன்னொரு பக்கம், அதை அடியில் பிரித்தெடுக்க ஆகும் ஸ்டீம் எவ்வளவு? மெத்தனால் குறைவாக உள்ள இடத்தில் அதன் சார்பு ஆவியாகும் திறன் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு எளிதாக ஆவியாகிறது என்பது) 7 அளவில் இருக்கும். உச்சியில் தூய மெத்தனால் பக்கம் அது 2.5 அளவுக்கு இறங்கிவிடும். ஆக அடியைச் சுத்தம் செய்வது மலிவு, உச்சியைச் சுத்தம் செய்வதுதான் விறகைத் தின்கிறது. ஒரு பக்கம் பெரிய நஷ்டம், மறு பக்கம் சின்னச் செலவு. அடியை நன்றாக வடியுங்கள், உச்சியை 99.5க்கு இறக்குங்கள். இப்போது உங்கள் ஷிஃப்டில் நேர் எதிராக நடக்கிறதோ என்று சந்தேகம், அடி சிஓடி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

#10 – புனே நெல்லையான்

கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உச்சிக்கும் ஒரு துண்டுச்சீட்டுக் கணக்கு போடுகிறேன். மெத்தனாலின் ஆவியாதல் வெப்பம் கிலோவுக்கு 1,100 கிலோஜூல். ரிஃப்ளக்ஸ் விகிதம் 2 என்றால் ஒரு கிலோ மெத்தனால் எடுக்க 3 கிலோவைக் கொதிக்க வைக்க வேண்டும், 3,300 கிலோஜூல், ஸ்டீம் கணக்கில் ஒன்றரைக் கிலோ. விகிதத்தை 1.5க்கு இறக்கினால் 2,750. கிலோ மெத்தனாலுக்குக் கால் கிலோ ஸ்டீம் மிச்சம். ஃபீட் சூடாக்கத் தேவைப்படுவது தனி.

தம்பி, உச்சி வெப்பநிலையை வைத்துத் தூய்மையைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். 99.5க்கும் 99.9க்கும் நடுவே அது பெரிதாக அசையாது. ஃபீடுக்குச் சற்று மேலே உள்ள வெப்பநிலையைப் பிடியுங்கள், அது நன்றாக ஆடும்.

#11 – கரையிருப்பு பாதுகாப்பு

குறுக்கே வருகிறேன். இந்த அம்பு விளையாட்டை எங்கள் ஆட்கள் 1960களில் இருந்தே ஆடுகிறார்கள், ஹேசாப் என்று. இங்கிலாந்தின் ஐசிஐ வேதி நிறுவனத்தில் தொடங்கியது. இல்லை, கூடுதல், குறைவு, தலைகீழ் என்று சில வழிகாட்டிச் சொற்களை வைத்து ஒவ்வொரு குழாயையும் கேள்வி கேட்பது. 1974 ஜூன் 1இல் அங்கே ஃபிளிக்ஸ்பரோ வேதி ஆலை வெடிவிபத்தில் 28 பேர் இறந்த பிறகு அதற்கு வேகம் கூடியது.

ரிஃப்ளக்ஸைக் குறைக்கப் போகிறீர்கள், சரி. கண்டென்சருக்கு (உச்சி ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்குவது) தண்ணீர் குறைந்தால் மெத்தனால் ஆவி எங்கே போகும் என்று முதலில் பாருங்கள். மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை 11, 12 டிகிரி. நம்ம ஊர் மார்கழியில்கூட அதற்கு மேல்தான்.

குறியை அவசரமாக நம்புவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வெப்பம் உமிழும் வினை, ஒரு பொருளைச் சிறுகச் சிறுக விடுகிறோம். வெப்பநிலை குறைந்தால் பாதுகாப்பு கூடும் என்று யாரும் எழுதிவிடுவார்கள். ஆனால் குளிர்ந்தால் வினை மெதுவாகும், விடும் பொருள் வினைபுரியாமல் உள்ளேயே சேரும். அப்புறம் கொஞ்சம் சூடு ஏறினால் சேர்ந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் வினைபுரியும். வெப்பநிலையில் இருந்து ஆபத்துக்கு இரண்டு பாதை, எதிரெதிர் குறி, ஒன்று உடனே, மற்றது தாமதமாக. அண்ணாச்சியின் இரட்டை அம்பு இங்கே உயிரைக் காப்பாற்றும்.

#12 – உடன்குடிக்காரன்

எங்கள் ஊரில் பதநீர் பொங்கினால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள், நுரை அடங்கும். அதுவும் பண்புசார் மாதிரியா? 😀

#13 – பாளை அக்கா

ஓர் அம்பு மட்டும்தான், உடன்குடி. விதை கூடினால் நுரை குறையும். எவ்வளவு கூட்டினால் கருப்பட்டி வாசனை கெடும் என்ற இரண்டாவது அம்பையும் எழுதினால் உங்களுக்கு முனைவர் பட்டம்.

#14 – பொருநை வேதியன்

அடித்தண்ணீர் சிஓடி வந்துவிட்டது: 22,000. அதாவது ஒன்றரை சதவீத மெத்தனால் கீழே போகிறது. அக்கா சந்தேகப்பட்டது போலவே உச்சி தேவைக்கு மேல் சுத்தம், அடி அழுக்கு. கரைந்த மற்ற கரிமப் பொருள்களும் அதில் கொஞ்சம் இருக்கும் என்று லேப் சொல்கிறது.

முதலாளியிடம் பேசினேன். ரிஃப்ளக்ஸைப் படிப்படியாக இறக்குகிறோம், ஒவ்வொரு படியிலும் ஹைட்ரோமீட்டர் அளவு எடுத்த பிறகுதான் அடுத்த படி. உற்பத்திப் பிரிவு 99.5க்குக் கீழே வந்த சரக்கைத் திருப்பினால் மீண்டும் ஃபீடில் சேர்க்கத் தனி டேங்க் ஒன்றையும் ஒதுக்கியாயிற்று. அது இல்லாமல் ஷிஃப்ட் ஆட்கள் வரம்புக்குப் பக்கத்தில் ஓட்ட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கண்டென்சர் தண்ணீர் நின்றால் ஸ்டீம் தானாக அடைபட வால்வும் கேட்டிருக்கிறேன்.

ஃபீட் சூடாக்கல் மட்டும் நிற்கிறது. 100 டிகிரியில் வெளியேறும் அடித்தண்ணீரை வைத்து ஃபீடைச் சூடாக்கினால் வெப்பம் சும்மா கிடைக்கிறது. எதிர் அம்பு எவ்வளவு பெரியது?

#15 – புனே நெல்லையான்

கொதிநிலைக்குக் கீழே வரைதான் சூடாக்கப் போகிறீர்கள், ஆவியாக்கப் போவதில்லை. அந்த எல்லைக்குள் எதிர் அம்பு சின்னது, சேமிப்பு ஜெயிக்கும். எக்ஸ்சேஞ்சர் எவ்வளவு பெரிது வேண்டும் என்பதற்குத்தான் இப்போது டிடபிள்யூசிம். ஃபீட் அளவும் செறிவும் ஒரு வாரத்துக்கு எழுதி அனுப்புங்கள், கோப்பை நானே போட்டுத் தருகிறேன். தட்டுகளின் எண்ணிக்கையை உங்கள் ரிஃப்ளக்ஸ் சோதனையில் இருந்தே பின்கணக்காக எடுத்துவிடலாம்.

#16 – தாழையூத்து அண்ணாச்சி

எக்ஸ்சேஞ்சர் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி. அடித்தண்ணீரில் உப்பு, பிசின் ஏதாவது படியுமா? படியும் என்றால் பிளேட் எக்ஸ்சேஞ்சர் மலிவாகத் தெரியும், ஆனால் அடிக்கடி கழற்றிக் கழுவ ஆள் வேண்டும்.

#17 – பொருநை வேதியன்

சோடியம் சல்பேட் கொஞ்சம் இருக்கிறது, அண்ணாச்சி. சூட்டில் படியவில்லை, ஆனால் ரீபாய்லர் குழாய்களில் பழுப்பாக ஒரு பூச்சு பார்த்திருக்கிறேன். அடுத்த முறை கோபுரத்தை நிறுத்தும்போது சுரண்டி எடுத்து லேபுக்குக் கொடுக்கிறேன். நெல்லையான் அண்ணே, ஃபீட் கணக்கு திங்கட்கிழமையில் இருந்து எழுதத் தொடங்குகிறேன்.